பல் டாக்டர் பில்லைப் பிரித்துப் பார்த்தால்

கீழ்க் கடவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கேனல், அதன்மேல் ஒரு கேப். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ஒரு சாதாரண தனியார் கிளினிக்கில் இதற்கு ஏறக்குறைய 8,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். கேப் உயர்ரகம் என்றால் 20,000-ஐயும் தாண்டும். மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வரும் வீட்டில் இந்தத் தொகையைக் கேட்டவுடன் அடுத்து வரும் வார்த்தை, “அப்ப பிடுங்கிப் போட்டுடுங்க டாக்டர்” என்பதுதான். பிடுங்க சில நூறு ரூபாய் போதும். செலவு அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து அந்த இடத்தில் பல் கட்ட வேண்டும் என்று திரும்பி வரும்போது தொகை முதலில் கேட்டதைவிடப் பெரிதாக இருக்கும்.

டாக்டர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் நேர்மையாக நடக்கும் கிளினிக்கிலும் பில் கனமாகத்தான் வருகிறது. அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், எதில் கை வைத்துக் குறைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

ரூட் கேனலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த கூழ் ஒன்று இருக்கிறது. அது வேர்களுக்குள் மெல்லிய கால்வாய்களாக இறங்குகிறது. கடவாய்ப் பல்லில் வழக்கமாக மூன்று அல்லது நான்கு கால்வாய்கள். ஊசி போட்டு மரக்கவைத்து, பல்லின் தலையில் துளையிட்டு, ஒவ்வொரு கால்வாயின் வாயையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மேல் வரிசையின் முதல் கடவாய்ப் பல்லில் நான்காவதாக ஒன்று பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டால் ரூட் கேனல் செய்த பல்லிலேயே சில வருடம் கழித்து மறுபடி சீழ் பிடிக்கும். பிறகு நிக்கல் டைட்டானியத்தால் ஆன மயிரிழை போன்ற அரங்களை உள்ளே விட்டு, வேர் நுனி வரை சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள். அந்த அரம் வளைந்து வளைந்து தேயும். அளவுக்கு மீறித் திரும்பப் பயன்படுத்தினால் வேருக்குள்ளேயே ஒடிந்துவிடும். இடையிடையே சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுகிறார்கள்; வெள்ளைத் துணிக்குப் போடும் ப்ளீச்சில் இருப்பதும் இதுதான். நீளம் சரியா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் குட்டா பெர்ச்சா என்ற பொருளைத் திணித்து அடைக்கிறார்கள். மலாய் நாட்டு மரம் ஒன்றின் பாலிலிருந்து வரும் சரக்கு அது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல் வேர்களை அடைத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் அதற்குச் சரியான மாற்று வந்தபாடில்லை.

இத்தனைக்கும் ஒரு மணி நேரம், சில பற்களுக்கு இரண்டு மூன்று தடவை வரவழைத்து அதற்கும் மேலே ஆகும். அந்த நேரத்தில் ஒரு பொது மருத்துவர் பதினைந்து பேரைப் பார்த்து மருந்துச் சீட்டு எழுதி அனுப்பியிருப்பார். பல் டாக்டரின் நாற்காலியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் சாய முடியும். அந்த நாற்காலியே லட்சக்கணக்கில். கம்ப்ரசர், கருவிகளை நீராவி அழுத்தத்தில் கொதிக்கவைக்கும் ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, உதவியாளர் சம்பளம், மெயின் ரோட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு நாற்காலியின் தலையில்தான் விழுகின்றன. ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் பிரிவின் வருமானம் இன்னொரு பிரிவைத் தாங்கும். இரண்டு அறை கிளினிக்குக்கு அந்த வசதி இல்லை.

கேப் விஷயம் வேறு. அதை டாக்டர் செய்வதில்லை. அவர் பல்லைச் சுற்றிலும் அரைத்து அளவெடுத்து லேபுக்கு அனுப்புகிறார். சின்ன ஊர்களிலிருந்து இந்த அளவுகள் கூரியரிலும் பஸ் பார்சலிலும் நகரத்து லேபுக்குப் போய், நான்கைந்து நாளில் கேப்பாகத் திரும்பி வருகின்றன. நீங்கள் மறுபடி வந்தாலும் வராவிட்டாலும் லேப் பில்லை டாக்டர் கட்டியாக வேண்டும். அளவெடுக்கும் அன்றைக்கே அட்வான்ஸ் கேட்பது அதனால்தான், அதில் தப்பில்லை. கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு: எந்தக் கேப், ஏன் அந்தக் கேப்?

உலோகக் கேப், உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது, பல் நிறத்தில் உறுதியாக வரும் ஸிர்கோனியா என்று மூன்று வகை பொதுவாக உண்டு. முதலாவதற்கும் கடைசிக்கும் இடையில் விலை நான்கைந்து மடங்கு வித்தியாசப்படும். சிரித்தால் தெரியும் முன்பல்லுக்கு விலை கூடியது வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாயின் கடைசியில் இருக்கும் இரண்டாம் கடவாய்ப் பல்லை உங்களைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்? அங்கே உலோகக் கேப் தாராளமாகப் போதும். சொல்லப்போனால் அங்கே அது நல்லதும்கூட. மெல்லியதாகச் செய்ய முடிவதால் சொந்தப் பல்லைக் குறைவாக அரைத்தால் போதும், பீங்கான் மாதிரி சில்லுப் பெயராது. நிக்கல் அலர்ஜி இருப்பவர்களுக்கு மட்டும் ஆகாது. ஆனால் நாமாகக் கேட்காமல் இதைச் சொல்லும் கிளினிக்குகள் குறைவு. மூன்று விலை எழுதிய அட்டையைக் காட்டி, நடுவில் இருப்பதை நம்மையே தேர்ந்தெடுக்க வைப்பதுதான் வழக்கம்.

கேப்போடு 10 வருடம், 15 வருடம் என்று ஒரு வாரன்டி கார்டும் வரும். அது பெரும்பாலும் கேப் உடைந்தால் வேறு கேப் தருவதற்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் சொந்தப் பல் சொத்தையானால் அந்தக் கார்டு உதவாது. கேப் போட்ட பல்லின் விளிம்பில், ஈறு தொடும் இடத்தில்தான் சொத்தை மறுபடி ஆரம்பிக்கும். கார்டை பீரோவில் பத்திரப்படுத்துவதைவிட அந்த விளிம்பை ஒழுங்காகத் தேய்ப்பது பிரயோஜனம்.

சரி, இவ்வளவு பெரிய வேலை வரை விஷயம் ஏன் போகிறது? பல்லின் வெளி ஓட்டில் நரம்பு கிடையாது. சொத்தை அங்கே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அதன் கீழுள்ள தந்தினி அடுக்குக்கு வந்ததும் ஜில்லென்று குடித்தால் கூசும். அப்போது போனால் ஆயிரம் ரூபாய்க்குள்ளோ கொஞ்சம் மேலோ அடைத்து அனுப்பிவிடுவார்கள். நாம் போவதில்லை. சூடு, குளிர் எது பட்டாலும் விண்விண் என்று தெறித்து, ராத்திரி படுத்தால் வலி கூடும் கட்டம்தான் கூழ் வீங்கிய கட்டம். மெடிக்கல் ஷாப்பில் “பல் வலிக்கு ரெண்டு மாத்திரை” என்று கேட்டு வாங்கிப் போட்டு, கிராம்புத் தைலம் வைத்து, ஒரு வாரம் ஓட்டுகிறோம். ஒரு நாள் வலி நின்றுவிடுகிறது. மாத்திரை கேட்டது என்று நிம்மதி. நடந்தது என்னவென்றால், உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டது. வலியைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்க ஆரம்பித்திருக்கும். அடுத்த தடவை கன்னம் வீங்கித்தான் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் இதைத் தற்காலிகமாக அடக்கும். ரத்த ஓட்டமே நின்றுபோன கூழுக்குள் அது போய்ச் சேரவே முடியாது.

பல் செலவின் முக்கால்வாசிக் கதை இதுதான். விலை சிகிச்சையின் பெயரைப் பொறுத்ததைவிட, நாம் எந்தக் கட்டத்தில் போய் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. சில நூறில் க்ளீனிங், ஆயிரத்தில் அடைப்பு, பத்தாயிரத்தில் ரூட் கேனலும் கேப்பும், அதைத் தாண்டினால் முப்பது நாற்பதாயிரத்தில் எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளாண்ட்.

க்ளீனிங் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். “க்ளீன் பண்ணினா பல்லு ஆட ஆரம்பிச்சிடும்” என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. பல்லில் படிந்து இறுகிய பல வருடக் காரை பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும்போது, ஈறும் எலும்பும் அடியில் கரைந்துபோனது தெரியாது. காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும். ஆட்டத்தை உண்டாக்கியது காரைதான். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாகப் பரவும், ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரையும் அடங்க மறுக்கும்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு: கிட்டத்தட்ட எந்தப் பாலிசியும் பல் செலவைத் தாங்காது. விபத்தில் தாடை உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தால் கிடைக்கும், கிளினிக்குக்கு நடந்து போய் நடந்து வரும் வேலைக்குக் கிடைக்காது. காரணம் கம்பெனியின் கல் மனம் மட்டுமில்லை. யாருக்கு எப்போது வரும் என்று தெரியாத பெரிய செலவைப் பலர் பகிர்ந்துகொள்வதுதான் காப்பீடு. சொத்தைப் பல் எல்லோருக்கும் வரும், தனக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும், தள்ளிப்போடவும் முடியும். பல்லுக்குப் பாலிசி விற்றால், வாயில் நான்கு சொத்தை வைத்திருப்பவர்தான் முதலில் வாங்குவார். வெளிநோயாளிச் செலவுக்கென்று கூடுதல் பிரீமியத்தில் வரும் இணைப்புகளில் பல்லும் இருக்கும். அவற்றின் உச்சவரம்பைப் பார்த்தால் பிரீமியத்துக்கும் அதற்கும் பெரிய தூரம் இருக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இப்படித்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு 5 லட்சம் வரை உண்டு என்றாலும், தாடை அறுவைச் சிகிச்சைகளுக்கு உதவுமே தவிர, அடைப்புக்கும் கேப்புக்கும் உதவாது.

விதிவிலக்குகள் இருக்கின்றன, பலர் மறந்துவிடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் ஆகிறது என்றால், இஎஸ்ஐ மருத்துவமனையின் பல் பிரிவு உங்களுக்கும் வீட்டாருக்கும் உரியது. பிடித்தம் ஆவதைச் சம்பளச் சீட்டில் பார்த்துவிட்டு, பல்லுக்கு வெளியே காசு கொடுக்கும் திருப்பூர்க்காரர்களும் ஓசூர்க்காரர்களும் எத்தனையோ பேர். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சிஜிஹெச்எஸ், முன்னாள் படைவீரர்களுக்கான இசிஹெச்எஸ் என்ற இரண்டு மருத்துவத் திட்டங்களிலும் பல் சிகிச்சை உண்டு. வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்கள், 60 வயது தாண்டிய, காப்பீடு இல்லாத பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. ஆகவே அப்பாவின் பல் செட்டுக்கு ஜிபேயில் கட்டி ரசீது வாங்குங்கள்.

அரசு மருத்துவமனைகளில் வட்டார அளவிலேயே பல் டாக்டர் இருக்கிறார். பிடுங்குதல், அடைத்தல், க்ளீனிங் இவற்றுக்கு அங்கே தயங்காமல் போகலாம். பெரிய வேலை என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி. சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தின் பழைய பல் கல்லூரி இப்போது கடலூர் மாவட்ட அரசுக் கல்லூரியாகிவிட்டது. புதுக்கோட்டையில் 2023-இல் ஒன்று திறந்தார்கள்.

ஆனால் செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் பெரிய வாய்ப்பு தனியார் பல் கல்லூரிகள்தான். ஆச்சரியமாக இருக்கலாம். மாணவர்களிடம் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் கல்லூரி நோயாளியிடம் சொற்பத்தில் முடிக்கிறது. ஏனென்றால் அங்கே நோயாளிதான் பற்றாக்குறை. இத்தனை அடைப்பு, இத்தனை பல் பிடுங்கல், இத்தனை பல் செட் செய்து முடித்தால்தான் மாணவர் பரீட்சைக்கு உட்கார முடியும். அதனால்தான் கல்லூரி பஸ் கிராமத்துக்கு வந்து, முகாம் நடத்தி, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது.

அங்கே வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. பெரிய கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். முதல் நாள் சீட்டுப் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, எந்தப் பிரிவு என்று எழுதித் தருவதிலேயே மதியம் ஆகிவிடும். உங்களுக்கு என்று ஒரு மாணவி வருவார். “அம்மா, வலிச்சா இடது கையைத் தூக்குங்க, பேசிடாதீங்க” என்பார். ஒவ்வொரு கட்டத்திலும் வேலையை நிறுத்திவிட்டுப் பேராசிரியரைத் தேடிப் போவார். அவர் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்து, “இந்த ஓரத்துல இன்னும் சொத்தை இருக்கு, எடு” என்று சொல்லிவிட்டு நகர்வார். மாணவி மறுபடி உட்காருவார். கிளினிக்கில் நாற்பது நிமிடத்தில் முடியும் அடைப்புக்கு அங்கே இரண்டு மணி நேரம் ஆகும். அந்தக் கண்காணிப்பே ஒரு பாதுகாப்பு. அவசரமாக முடித்து அடுத்தவரை ஏற்ற வேண்டிய கட்டாயம் அந்த மாணவிக்கு இல்லை. ரூட் கேனல், கேப், இம்ப்ளாண்ட் போன்றவற்றை எம்.டி.எஸ். படிக்கும் மேல்படிப்பு மாணவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் ஏற்கெனவே பல் டாக்டர்கள்தான். செலவாவது உங்கள் நாள். தினக்கூலிக்காரருக்கு ஐந்து தடவை வந்துபோவது என்றால் ஐந்து நாள் கூலி போகும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிலருக்குப் பக்கத்துக் கிளினிக்கே மலிவாக இருக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

பல் போன இடத்தை என்ன செய்வது என்பதில்தான் அதிகப் பணம் புரள்கிறது. பிரிட்ஜ் என்றால் இருபுறமும் உள்ள நல்ல பற்களை அரைத்து மூன்று கேப்புகளைச் சேர்த்து மாட்டுவது. “யூனிட்டுக்கு 4,000” என்று சொன்னால் பில் 12,000 என்று புரிந்துகொள்ள வேண்டும். இம்ப்ளாண்ட் என்பது எலும்பில் டைட்டானியம் திருகாணி பதிப்பது. ஸ்வீடனில் பெர் இங்வார் பிரான்மார்க் 1965-இல் முதல் நோயாளிக்குப் பதித்தார். எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்ற அவருடைய கண்டுபிடிப்பில்தான் இன்றைய தொழில் முழுவதும் நிற்கிறது. விளம்பரத்தில் வரும் விலை பல சமயம் திருகாணிக்கு மட்டும். மேலே வைக்கும் இணைப்பு, கேப், முப்பரிமாண ஸ்கேன், எலும்பு போதாவிட்டால் எலும்புத்தூள் எல்லாம் தனி. மொத்தத் தொகையை எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் எழுந்துவிடலாம்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: சும்மா விட்டுவிடுவது. கடைசிக் கடவாய்ப் பல் ஒன்று போய், மற்றவை நன்றாகக் கடிக்கின்றன என்றால் அதைக் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. நெதர்லாந்தில் கைசர் என்ற பேராசிரியர் 1980-களிலேயே இதை எடுத்துச் சொன்னார். 1989-இல் ஜப்பான் தொடங்கிய இயக்கமும் 80 வயதில் 20 சொந்தப் பல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டது, 32 கேட்கவில்லை. நடுவில் ஒரு பல் போனால் கதை வேறு. பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப் பல் இறங்கும்.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஊருக்கு வரும் நம்மவர்கள் லீவில் பல் வேலையை முடித்துக்கொண்டு போவது இப்போது பெரிய வியாபாரம். அங்கே ஒரு பல்லுக்கு ஆகும் காசில் இங்கே வாயையே சீரமைக்கலாம் என்பது கிட்டத்தட்ட உண்மை. ஆனால் எலும்பு ஒட்ட வழக்கமாக மூன்றிலிருந்து ஆறு மாதம் வேண்டும். இரண்டு வார லீவில் திருகாணியும் கேப்பும் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், உங்கள் எலும்பு அதற்குத் தாங்கும் என்று எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். பதித்த இம்ப்ளாண்டின் பெயர், அளவு எழுதிய ஸ்டிக்கரை வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு டொராண்டோவில் திருகு தளர்ந்தால் அது இல்லாமல் யாரும் தொட மாட்டார்கள்.

மலிவு என்பதற்காகப் போகக் கூடாத இடமும் உண்டு. ஒரு காலத்தில் நகரத்துக் கடைத்தெருக்களில் சீனப் பல் டாக்டர் போர்டுகள் இருந்தன. அப்பாவிடமிருந்து மகன் கற்ற தொழில். 1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டம், ஏற்கெனவே தொழிலில் இருந்த பட்டமில்லாதவர்களைத் தனிப் பட்டியலில் பதிவுசெய்ய இடம் கொடுத்தது. அவர்களில் கைத்திறமை உள்ளவர்கள் இருந்தார்கள். இன்று “ஒரே நாளில் கழற்றாத பல்” என்று போர்டு மாட்டி, பசை மாதிரி இறுகும் அக்ரிலிக்கைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து அப்பிவிடுபவர்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். அந்த அக்ரிலிக் அடியில் சோறு புகுந்து அழுகி, பிடித்துக்கொண்டிருந்த நல்ல பற்களையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

பட்டம் இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள் சிலர் 2023-இல் மூளைத் தொற்றால் இறந்ததை ஆராய்ந்த கட்டுரை 2025-இல் வெளிவந்தது. சுத்தமில்லாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, மிச்சத்தை மூடி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது அதில் சுட்டிக்காட்டப்பட்டது. அப்படி ஒரு பாட்டிலில் மிச்சம் பிடித்தது சில ரூபாய். கருவியை உறையிலிருந்து உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா, ஊசி புதிதா என்று பார்ப்பதும் கேட்பதும் மரியாதைக் குறைவு ஆகாது.

கடைசியாகக் குழந்தைகள் விஷயம், இதில்தான் மிச்சம் அதிகம். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால் பெற்றோர் அதைப் பால் பல் என்றே நினைக்கிறார்கள். சொத்தை விழுந்தாலும் “விழுந்து முளைக்கிற பல்தானே” என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது, அதுதான் ஆயுசுக்கும். பெரியவர்களானதும் ரூட் கேனலுக்கு வருவதில் இந்தப் பல் முன்வரிசையில் நிற்கும். அதன் மேல் உள்ள பள்ளங்களை ஸீலன்ட் பூசி மூட ஊசியோ அரைப்போ வேண்டாம், ஒரு அடைப்புக்கு ஆகும் செலவைத் தாண்டாது. இரவு படுக்குமுன் ஃப்ளோரைடு உள்ள எந்தச் சாதாரண பேஸ்டும் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு கூடிப் பல்லில் பழுப்புக் கறை ஏறியவர்கள் நிறைய. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே அதற்காகத்தான். அந்தக் கறை பல் உருவாகும்போதே உள்ளே படிந்தது, வெள்ளையாக்கும் பேஸ்ட் எத்தனை ட்யூப் தேய்த்தாலும் போகாது. அந்தக் காசுக்குப் பிள்ளையின் ஆறு வயசுப் பல்லை ஒருமுறை காட்டிவிட்டு வரலாம்.